தொடர்பில் இல்லை என்பதற்கான சான்று

வேல்ஸின் வடக்கில், ரயில்கள் தடம் மாறும் ஊரில்
மழை சாய்ந்தடிக்கும் ஜன்னலோரம் என் மேசை.
மாணவர் நிதி அலுவலகம், இரண்டாம் மாடி.
பதினாறு வருடமாக நான் செய்வது
கூட்டலும் கழித்தலும்தான்.

கல்விக் கட்டணக் கடனில் எனக்கு வேலையில்லை.
கேட்டால் கிடைத்துவிடும், யார் பிள்ளையானாலும்.
வாடகைக்கும் ரொட்டிக்கும் ஆகிற பணம்தான்
என் இலாகா.
அதில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன்
என்று சொல்வது குடும்ப வருமானம்.
வீட்டில் இல்லாவிட்டால் மானியம் ஏறும்.
வீட்டில் இருந்தால்
கடன் ஏறும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.
எங்கள் விதிப்புத்தகம் இதை ஒப்புக்கொள்வதில்லை,
பிள்ளைக்கு இருபத்தைந்து ஆகும்வரை.
அதற்கு முன்பே வேறு என்றால்
நிரூபிக்க வேண்டும்.

ஹெலெத் ப்ரோஸர். வயது பத்தொன்பது.
அபெரிஸ்ட்வித்தில் நிலவியல் படிக்கப் போகிறாள்.
முகவரி, சிநேகிதி வீடு.
பள்ளி ஆசிரியரின் கடிதம் இருக்கிறது:
ஒரு பயணப்பையோடும் ஒரு மீன்தொட்டியோடும்
பதினேழு வயதில் வெளியே வந்தவள்.
டாக்டரின் கடிதமும் இருக்கிறது, அதில் மீன் இல்லை.
முத்திரை சரி, தேதி சரி.

பெற்றோரிடம் கடைசியாக எப்போது பேசினீர்கள்?
இந்தப் பெட்டியில் எல்லோரும் ஒரு தேதி எழுதுவார்கள்.
பழைய தேதி.
பழசாக இருப்பது நல்லதென்று
யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.
இவள் எழுத்து பெட்டி நிறைந்து
ஓரத்தில் ஏறியிருந்தது:

‘போன செவ்வாய்க்கிழமை. ரெக்ஸம் பஸ்ஸில். அவள்
எனக்கு முன்பே ஏறியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை.
இறங்கும்போது என்னைத் தாண்டிப் போனாள்.
கோட்டில் பொத்தான் விழுந்திருக்கு, என்றாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
இது பேசியதில் சேருமா தெரியவில்லை.
பொய் எழுத வேண்டாமென்று எழுதுகிறேன்.’

சேருமா?
மேலாளர் மெரெரிடிடம் காட்டினேன்.
“எந்த மொழியில் சொன்னாளாம்?” என்றாள்.
“வெல்ஷ் என்றால் அது இன்னும் வீடு.
இங்கிலீஷ் என்றால் யாரோ ஒரு பயணி.”
சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருந்தி,
கூப்பிட்டுக் கேள் என்றாள்.

கூப்பிட்டேன். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம்.
பொத்தானைத் தைத்தாயா என்று கேட்க வந்த வாயை
அடக்கிக்கொண்டு, “அதற்குப் பிறகு?” என்றேன்.
“அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.”
யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்தாள்.
“அவளுக்கு ஏதாவது ஃபாரம் அனுப்புவீர்களா?”
“அவள் சம்பளம் எங்களுக்கு வேண்டாமென்றால்
அவளுக்குக் கடிதம் போகாது.”
“அப்போ நான் படிக்கப் போவது அவளுக்குத் தெரியாது.”
“எங்கள் மூலமாகத் தெரியாது.”
“சரி,” என்றாள்.
அந்தச் ‘சரி’யைப் போட
என் திரையில் பெட்டி இல்லை.

குடும்பம்: ஒருவர்.
வருமானம்: மீன்வறுவல் கடை, சனியும் ஞாயிறும்.
மானியம் உச்ச அளவு.
மீதி கடன்.

இனி அந்தக் கடன் அவளோடு வரும்.
வருடா வருடம் கடிதம் போடும்.
வீடு மாறினால் தேடிவரும், கல்யாணமானால்
புதுப்பெயர் கேட்கும்.
சம்பளம் போதாத வருடங்களில்
ஒன்றும் கேட்காமல் கூடவே இருக்கும்.
முப்பது வருடமானாலும்
பேச்சு நின்றுபோகாத ஒரே உறவாக
நான் அவளுக்குக் கொடுத்தது அதைத்தான்.

மாலையில் காகிதத்தை ஸ்கேன் செய்தபோது
ஓரம் வெட்டுப்பட்டது.
கோப்பில் இப்போது இருப்பது
‘போன செவ்வாய்க்கிழமை. ரெக்ஸம் பஸ்ஸில். அவள்’
அவ்வளவுதான்.

அடுத்த வருடமும் இதே கேள்வி அவளிடம் போகும்.
வேறு யாராவது கோப்பைத் திறப்பார்கள்,
அவள் என்ன, என்று கேட்பார்கள்.
இயந்திரம் இன்னும் சூடாகத்தான் இருந்தது.
நான் மறுபடி ஸ்கேன் செய்யவில்லை.